ஓட்டுக்கு அடியில்

"ஓட்டை மாத்தணுமா, ஒட்டுப் போட்டாப் போதுமாண்ணே?" கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தே பதில் சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் கையில் விற்பதற்குப் புது ஓடோ தகரமோ இருக்கும். நான் முதலில் ஏணியை வீட்டுக்குள் கொண்டுபோவேன். சீலிங்குக்கு மேலே பார்த்த பிறகுதான் வெளியே ஏறுவது.

புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் இருப்பது அநேகமாகச் சிமெண்டு ஓடு. தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வரிசை வீடுகள் பல. ஓடு கறுத்துப் பாசி பிடித்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கறுப்பு ஒரு குறையே இல்லை; சாயம் போயிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல சிமெண்டு ஓடு ஐம்பது ஆண்டு சாதாரணமாக உழைக்கும். அதைச் சுமக்கும் சட்டமும், ஆணியும், முகட்டுச் சாந்தும் அவ்வளவு நாள் தாங்குவதில்லை. ஆகவே ஓட்டின் வயதைக் கேட்டு முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முடிவைச் சொல்வது மரம்.

சீலிங்குக்கு மேலே காலையிலேயே ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அங்கே ஆள் வெந்துபோவான். ஏறியதும் கைவிளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால், விரிசல் விட்ட ஓடு வெளிச்சத்தில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பிறகு விளக்கைப் போட்டுக் கைமரத்தைப் பார்க்க வேண்டும். சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். தண்ணீர் கைமரத்தோடு சரிந்து வந்து, ஏதாவது ஓர் ஆணித்தலையிலோ இணைப்பிலோ தடுக்கிச் சொட்டும். மரத்தில் அது ஓடிய தடம் தேயிலைச் சாயம் போலப் படிந்திருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஸ்குரு டிரைவர். தாவாரம் ஓரம், சுவரில் மரம் உட்காரும் இடம், கூடுவாய்த் தகரத்துக்கு அடி என்று குத்திப் பார்ப்பேன். முனை நின்றுவிட்டால் நிம்மதி. பாதிவரை இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று. இந்த ஊர் மண் ரப்பரும் செம்பனையும் நின்ற மண். அடியில் மக்கிய கட்டைகள் கிடக்கும்; கரையானுக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே இல்லை. சுவருக்குள்ளேயே ஏறி மேலே வந்துவிடும். வெளியே தெரிவது பென்சில் கனத்தில் ஒரு மண்கோடு மட்டும். ஒன்றிரண்டு கட்டை என்றால் பக்கத்தில் புதுக் கட்டை சேர்த்து இறுக்கலாம். வரிசையாகக் கைமரங்கள் உளுத்திருந்தால் ஓட்டைப் பற்றிப் பேசுவதே வீண். எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான்.

மரம் திடமாக இருந்து ஒழுகினால் காரணங்கள் சில்லறை. முகட்டோட்டுச் சாந்து வெடித்திருக்கும். கூடுவாயில் சருகு அடைத்திருக்கும். ஏதாவது டிஷ் மாட்ட வந்தவர் கண்ட இடத்தில் மிதித்து ஓட்டை உடைத்திருப்பார். ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வாய்க்காலில் பாசி வளர்ந்து, தண்ணீரை விளிம்புக்கு மேலே ஏற்றியிருக்கும். இதற்கு மருந்தாகச் சிலர் ஓட்டுக்கு ஓடு சிமெண்டு பூசி அடைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியேற இருந்த ஒரே வழியும் அடைபட்டு, சட்டம் ஈரத்திலேயே கிடந்து உளுக்கும்.

ஓட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒழுகலும் உண்டு. ஒரு பெரியம்மா, "போன தீவாளிக்குத்தான் ஓடு மாத்தினோம் தம்பி, மறுபடியும் அடுப்படியில கொட்டுது" என்றார். பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படி. கடலோரக் களிமண்ணில் அசல் வீடு பைலிங் மேலே நிற்கிறது. அடுப்படிக்குப் பைலிங் இல்லை. அது ஆண்டுக்கு ஆண்டு இறங்க, இரண்டு கூரையும் சேரும் இடத்தில் தகரம் கிழிந்து வாயைத் திறந்துவிட்டது. அங்கே புது ஓட்டை எத்தனை தடவை போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். அடுப்படி இறங்கும்போது கூடவே நழுவுகிற மாதிரி, ஒரு பக்கம் மட்டும் இறுக்கிய அகலத் தகரம் போட்டால் நிற்கும். சரிவும் கவனிக்க வேண்டியது. இழுத்துக் கட்டும்போது உயரம் பற்றாமல் கூரையைப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்தச் சரிவுக்கு ஓடே ஆகாது, தகரம்தான்.

தகரம் என்றதும், "மொத்தமா டெக் தகரமே போட்டுடலாமாண்ணே?" என்பார்கள். போடலாம். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு சிமெண்டு ஓடு நாலு கிலோவுக்கு மேல். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து ஓடு. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஏறக்குறைய நாலு டன் உட்கார்ந்திருக்கிறது. அதே பரப்புக்குத் தகரம் அரை டன்கூட வராது. மரத்துக்குச் சுமை குறைகிறது, வாஸ்தவம். ஆனால் இத்தனை நாள் கூரையைக் கீழே அழுத்தி வைத்திருந்ததும் அந்த நாலு டன்தான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் ஒரு காற்று வரும். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டாமல் வெறும் தகரத்தை முடுக்கினால், மரத்தோடு பிய்த்துக்கொண்டு போகும். விலை கேட்கும்போது இந்தப் பட்டையும் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வரிசை வீட்டில் இன்னொரு தொல்லை: நீங்கள் தகரம், பக்கத்து வீடு ஓடு என்றால், நடுச்சுவர் மேலே புதிதாக ஒரு சேர்ப்பு வரும். அடுத்த ஒழுகல் அங்கேதான். அது யார் செலவு என்பதில் சண்டையும் வரும்.

மரம் நல்லது, ஓடு மட்டும் இருபது முப்பது உடைந்திருக்கிறது என்கிற வீடுகள்தான் எனக்குப் பிடித்தவை. பழைய அச்சு இப்போது கடையில் கிடைக்காது. வேறு அச்சு ஓடு நுழைத்தால் பூட்டு சேராது. அதனால் கார் போர்ச் ஓட்டை முழுதாக இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். 'ணங்' என்றால் நல்லது. மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே மயிர் விரிசல். நல்லவை வீட்டுக் கூரைக்குப் போகும். போர்ச்சுக்குத் தகரம், கீழே படுக்கிறவர் யாரும் இல்லை, மழைச் சத்தம் காருக்கு வலிக்காது. மிஞ்சிய ஓட்டைப் பின்சுவர் ஓரமாக நிமிர்த்தி அடுக்கச் சொல்வேன், படுக்க வைத்தால் அடியில் உள்ளது உடையும். அக்காமார்கள் கறிவேப்பிலைச் சட்டிக்கு முட்டுக் கொடுக்க அதிலிருந்துதான் எடுப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வருவேன்.