பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: உங்கள் அளவுக்கு ஒரு சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியைத் தாண்டியதும் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களின் சுவர்களில் சைக்கிள்கள் சாயத் தொடங்கும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014 முதல் நடத்திவரும் ‘கார் இல்லாக் காலை’ முடியும் நேரம் அது. ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நகரின் நடுவே சில சாலைகளில் வாகனங்களுக்கு இடமில்லை. ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து நடப்பவர்கள் எல்லாரும் சாலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முடிந்ததும் பசிக்கும். மெர்டேக்கா சதுக்கத்தையும் மிட் வேலியையும் பிரிக்பீல்ட்ஸ் வழியாக இணைக்கும் மிதிவண்டித் தடம் 2015-இல் திறக்கப்பட்டது. அந்தப் பக்கமாகத் திரும்புகிறவர்களுக்குத் தோசையும் தே தாரிக்கும் வழியிலேயே கிடைக்கின்றன.

அப்படிச் சாய்ந்து நிற்கும் ரோட் பைக்குகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். பிராண்டையும் நிறத்தையும் விடுங்கள், சீட்டைப் பாருங்கள். சிலவற்றில் சீட்டைத் தாங்கும் குழாய் ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரியும். சிலவற்றில் சீட்டு முழுதாகக் கீழே இறங்கி, ஃபிரேமின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாவது வகைக்குச் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடிப்பது எளிது. சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அங்கே ஒருமுறை பக்கத்து மேசையில் நடந்த பேச்சு இது.

“தம்பி, இது என்ன சைஸ்?”

“ஐம்பத்தாறுண்ணே. ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைச்சது.”

“ஒங்க உயரம்?”

“நூத்தி அறுபத்தெட்டு.”

கேட்டவர் தே தாரிக்கை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: “வெல பாதிதான். ஓட்டப்போற தூரமும் பாதிதான் இருக்கும்.”

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சைக்கிள் வாங்கும் ஆசை பரவியது. கடைகளில் சரக்கு இல்லை. கிடைத்த அளவை வாங்கியவர்கள் பலர். அந்த வண்டிகளில் ஒரு பகுதி இன்று அடுக்குமாடிப் பால்கனிகளில் துணி காயப்போட உதவுகிறது. இன்னொரு பகுதி இணையத்தில் ‘அதிகம் ஓட்டாதது’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நம் வீட்டில் ஒருவர் சைக்கிள் ஓட்டத் தொடங்கினால் அது தொடர வேண்டும். வலிக்கிற வண்டியை யாரும் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டுவதில்லை.

எண் எங்கிருந்து வந்தது?

ஃபிரேம் அளவு என்பது தொடக்கத்தில் ஒரே ஒரு குழாயின் நீளம். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டுக் குழாயின் மேல்முனை வரை அளந்தால் வரும் எண் அது. தாத்தா காலத்துக் கறுப்பு ராலே வண்டிகளில் அது 22, 24 என்று இஞ்சில் சொல்லப்பட்டது. ரோட் பைக்கில் 48, 50, 52, 54, 56 என்று சென்டிமீட்டரில் சொல்கிறார்கள்.

பொருந்தாத ஃபிரேமில் ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. அப்பாவின் பெரிய வண்டியில் சீட்டு எட்டாத பையன்கள், நடுக்கம்பிக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து ஓட்டுவார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் குரங்குப் பெடல். 2024-இல் அதே பெயரில் ஒரு படமே வந்தது. அந்தப் பையனுக்கு வீட்டில் இருந்தது ஒரே வண்டி, வேறு வழியில்லை. சொந்தச் சம்பளத்தில் வாங்குகிற நமக்கு வழி இருக்கிறது.

பழைய ஃபிரேம்களில் நடுக்கம்பி தரைக்கு இணையாக இருந்தது. அதனால் ஒரு குழாயின் நீளம் தெரிந்தால் வண்டியின் அளவே தெரிந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் தைவானின் ஜெயன்ட் நிறுவனம், நடுக்கம்பி பின்பக்கமாகச் சரியும் டிசிஆர் வண்டியைக் கொண்டுவந்தது. அத்தனை எண்களுக்குப் பதிலாக எஸ், எம், எல் என்று மூன்றே அளவுகள். மீதியைச் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது திட்டம். மற்ற நிறுவனங்களும் அந்த வடிவத்துக்கு மாறின. சீட்டுக் குழாய் குட்டையானது. இன்று ஒரு நிறுவனத்தின் 52-உம் இன்னொன்றின் 52-உம் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் பணம் அனுப்ப முடியாது.

சுவரும் ஒரு தடிமனான புத்தகமும்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலணி இல்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். தடிமனான புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்வது போன்ற அழுத்தம் வரும்வரை மேலே இழுங்கள். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்டியிருந்தால் கோணல் வராது. அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவர் அளக்கட்டும். இரண்டு முறை அளந்து பாருங்கள். இதுதான் உங்கள் உள்கால் நீளம்.

அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமண்ட் பரப்பிய கணக்கு இது. உள்கால் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பழைய முறைப்படியான ஃபிரேம் அளவுக்கு நெருங்கி வரும்.

அண்ணன், தம்பி இருவரும் 168 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனின் உள்கால் 78 செ.மீ. அவருக்குச் சீட்டு உயரம் 68.9, ஃபிரேம் 52. தம்பிக்கு உள்கால் 74. அவருக்குச் சீட்டு உயரம் 65.3, ஃபிரேம் 49 சொச்சம். ஒரே உயரம், ஒரே வீடு, வேறு வேறு வண்டி. உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொல்லும் அட்டவணையில் இந்த வேறுபாடு தெரியாது.

கணக்கு சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை: சீட்டில் அமர்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

இவ்வளவும் காலுக்கான கணக்கு. கைக்கும் முதுகுக்கும் இரண்டு எண்கள் தனியாக உண்டு. நிறுவனங்களின் அட்டவணையில் ஸ்டேக், ரீச் என்று இருக்கும். பெடல் அச்சிலிருந்து, ஹேண்டில்பார் செருகப்படும் முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். பந்தய வண்டிகளில் ஸ்டேக் குறைவாக இருக்கும். ஓட்டுபவர் குனிய வேண்டும். நெடுந்தூரம் நிதானமாகப் போவதற்கான வண்டிகளில் ஸ்டேக் கூடுதல், ரீச் குறைவு. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கணினி முன் அமர்ந்த முதுகுக்கு இரண்டாவது வகையே இதம். எந்த நிறுவனத்தின் வண்டியையும் இன்னொன்றோடு நேர்மையாக ஒப்பிட இந்த இரண்டு எண்கள் உதவும்.

கிள்ளான் பாலத்தின் கீழ்த்தளம்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்தில் கிள்ளான். நிலையத்திலிருந்து தெங்கு கெலானா சாலையின் புடவைக் கடைகளுக்கு நடந்தே போகலாம். சைக்கிள் பிரியர்கள் கூடுதலாகக் கொஞ்சம் நடந்து ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அங்கே நிற்கிறது கோத்தா பாலம். மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய இரண்டடுக்குப் பாலம் இது. மேல்தளம் மோட்டார் வாகனங்களுக்கு. கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும். பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் மேல்தளத்தில் வாகனங்கள் நின்றுபோயின. கீழ்த்தளத்துக்கு மட்டும் வேலை ஓயவில்லை. சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கென்று ஒரு தளம் ஒதுக்கிக் கட்டிய காலம் ஒன்று நம் ஊரில் இருந்திருக்கிறது.

கிள்ளான் நகரத் தெருக்களில் ஓட்டுவது நின்று நின்று போகும் வேலை. கார் கதவு திறக்கும். பூமாலை வாங்கியவர் குறுக்கே வருவார். சட்டென்று சீட்டிலிருந்து இறங்கி இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும். அப்போது நடுக்கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் வண்டியின் நடுக்கம்பிக்கு மேல் கால் பரப்பி நின்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதே ரயிலில் கடைசி நிலையம் வரை போனால் கிள்ளான் துறைமுகப் படகுத்துறை. அங்கிருந்து படகில் பூலாவ் கெத்தாம். சதுப்பு நிலத்தில் கால் ஊன்றிய வீடுகளும் குறுகிய பாதைகளும் கொண்ட சீன மீனவர் கிராமம். தீவில் கார் கிடையாது, சைக்கிள்தான் வாகனம். வாடகைக்கு எடுத்தால் எந்த அளவு கையில் கிடைக்கிறதோ அதுதான். பிள்ளைகளோடு மெதுவாக ஒரு மணி நேரம் சுற்ற அதுவே தாராளம். சமதரையில், நிமிர்ந்து உட்கார்ந்து, நினைத்த இடத்தில் இறங்குகிற ஓட்டத்தில் உடல் எதையும் பொறுத்துக்கொள்ளும். ரோட் பைக்கில் குனிந்து மூன்று மணி நேரம் போகும்போது அந்தப் பொறுமை இருப்பதில்லை.

சாலை சொல்லும் குறை

கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவுக்குப் போகும் சாலை, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தட்டையாக நீள்கிறது. மேடு இல்லாததால் உடல் ஒரே நிலையில் வெகுநேரம் இருக்கும். ரீச் அதிகமான வண்டி இங்கேதான் மாட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், தோள் இறுகும், பிடரி வலிக்கும். கை ஹேண்டில்பாரைத் தேடி நீண்டுகொண்டே இருந்தால் ஃபிரேம் பெரிது.

உலு லங்காட்டிலிருந்து கெந்திங் பெரெஸ் ஏறும் சாலை வேறு பாடம் நடத்தும். அங்கே ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் பதில் சொல்ல வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். இடுப்பு இடமும் வலமும் ஆடும். சீட்டை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்யலாம். சரிசெய்த பிறகும் தொடரும் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதே சரி.

பாதி விலை வண்டி

பழைய வண்டி வாங்குவது தவறே இல்லை. எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரிந்தால் போதும். சீட்டு உயரம் நிமிடத்தில் மாறும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டை ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகவோ நீளமாகவோ மாற்றலாம். அதைத் தாண்டினால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். ஹேண்டில்பார் அகலத்தையும் மாற்றலாம். ஃபிரேம் மட்டும் வாங்கியதுதான். இரண்டு அளவுக்கு நடுவே வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் சிறியதை எடுப்பது நல்லது. சிறியதை ஓரளவு நீட்டலாம். பெரியதைச் சுருக்க வழி குறைவு. சீட்டைத் தாங்கும் குழாயில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுக்க வேண்டியிருந்தால் ஃபிரேம் மிகச் சிறிது.

உயரம் குறைந்த பெண்களும் ஆண்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிகச் சிறிய ஃபிரேமில் வழக்கமான பெரிய சக்கரம் பூட்டினால், கூர்மையாகத் திரும்பும்போது காலணி நுனி முன்சக்கரத்தில் உரசலாம். சில நிறுவனங்கள் அந்த அளவுகளுக்குச் சிறிய சக்கரம் பூட்டுகின்றன. கடையிலேயே திருப்பிப் பாருங்கள். “குள்ளம், இதுக்கெல்லாம் சரிப்படாது” என்று யாராவது சொன்னால் அசிசுல்ஹஸ்னி அவாங்கை நினைவுபடுத்துங்கள். சிறிய உருவத்துக்காகவே ‘பாக்கெட் ராக்கெட்மேன்’ என்று பெயர் வாங்கிய டுங்குன்காரர், 2017-இல் கெய்ரின் உலக வாகையர். ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. நம்மவர் முருகையன் குமரேசன் 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் உள்கால் நீளத்தையும் அதை 0.883-ஆல் பெருக்கி வந்த எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் சீட்டை அந்த உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். பிறகு இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அளவு இரண்டு மூன்று வண்டிகளில் பொருந்தினால், அதன்பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.