பிடி விட்ட மணி

நாகர்கோவிலில், வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. தேர்வு எழுதும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்து இங்கிலாந்துக்குப் போன ஒருத்தி போன மாதம் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"டீச்சர், பம்ப் 'வென்ட் ஆஃப்'னு காலையில பேஷண்ட் சொன்னாங்க. நின்னுபோச்சுன்னு நெனச்சு, மருந்து எவ்வளவு நேரமா ஏறலையோன்னு பதறிட்டேன். பார்த்தா ஓடிட்டுத்தான் இருக்கு. ராத்திரி அலாரம் அடிச்சதைச் சொல்லியிருக்காங்க."

அவள்மேல் தப்பே இல்லை. ஃபேனை ஆஃப் பண்ணு, போன் ஆஃப் ஆயிடுச்சு என்று அந்த ஒரே பொருளோடுதான் 'ஆஃப்' நம் வீட்டுக்குள் வந்து தமிழாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்' என்றால் விளக்கு அணையும், அலாரமோ அடிக்கும். துப்பாக்கி வெடிக்கும், பால் கெடும், ஒருவர்மேல் இருந்த பிரியம் விட்டுப்போகும். வினையோடு ஒட்டும் இந்தச் சிறு சொற்கள்தான் அயலாருக்குப் பெரும்பாடு என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

இத்தனை நாளும் ஐந்து பொருளையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். அது போதவில்லை. 'ஆஃப்' என்பதற்கு அடிப்படைப் பொருள் 'விட்டு விலகி' என்பது. மின்சாரம் விலகுகிறது, விளக்கு அணைகிறது. பால் தன் நல்ல நிலையை விட்டு விலகுகிறது. இங்கே நம் 'போ'வும் கூடவே வருகிறது: கரண்ட் போச்சு, பால் கெட்டுப்போச்சு, பிரியம் விட்டுப்போச்சு. அலாரத்தில்தான் கைவிடுகிறது. மணி போச்சு என்றால் மணி அடித்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் பிள்ளை தடுக்கி விழுந்தது சரியாக அந்த இடத்தில்.

மறுநாள் அப்பாவின் சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பின்மூடியைக் கழற்றிச் சாவி முறுக்கினேன். வில் இறுகியது, சின்னச் சுத்தியல் அசையவில்லை, ஒரு தகடு அதைப் பிடித்துவைத்திருந்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். முள்ளை மெல்லத் திருப்பினேன். தகடு விலகியதும் சுத்தியல் கிடுகிடுவென்று மணியில் மோதியது.

"பிடி விட்டுப்போச்சு டீச்சர்!" என்றாள் முன்னால் நின்றவள்.