90 நாள் கணக்கு... விரல் விட்டு எண்ணுங்க பாஸ்!



கேரவன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட், ஓரமா நிக்கிற வெள்ளை வண்டி, உள்ளே ஏ.சி.யில் ஹீரோ... கரெக்டா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2025 ஜூலை 5 வரைக்கும். அன்னிக்குச் சனிக்கிழமை. லக்ஸம்பர்க் நாட்டு எல்லையில், மொஸெல் ஆற்றங்கரையில், ஒரு கேரவன் வாசலில் உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவை அன்னிக்குத்தான் முதல்முறையா ஒருத்தர் முழுசாப் படிச்சார். அந்த ஒருத்தர் நான் இல்லை. 67 வயசு பிரிட்டிஷ் ஆன்ட்டி!

அவர் மட்டும் படிக்காம விட்டிருந்தா..? சொல்றேன், வாங்க.

ஊர் பேரே விசா பேர்!

செகண்ட் இயர் முடிஞ்ச லீவில், ஜெர்மனியில் ட்ரியர் நகரத்தில் ஒரு ஆய்வகத்தில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சது. கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். ரோமானியர் கட்டின பிரமாண்ட வாசல் ஒண்ணு இன்னும் கம்பீரமா நிக்கும். வாரம் அஞ்சு நாள் லேப். சனி, ஞாயிறு ஊர் சுத்தல். கையில் 58 யூரோ மாத பாஸ். ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயிலில் எத்தனை தடவை வேணும்னாலும் ஏறி இறங்கலாம்.

அப்படி ஒரு சனிக்கிழமை, "ஷெங்கன் விசா, ஷெங்கன் விசான்னு ஆறு மாசமா புலம்பினோமே, அந்த ஷெங்கன் எங்கதான் இருக்கு?"ன்னு மேப்பைத் திறந்தேன். அட, பக்கத்திலேயே இருக்கு! ஆமாங்க, ஷெங்கன்கிறது ஏதோ சுருக்கெழுத்து இல்லை. ஒரு கிராமத்தோட பேர். சில நூறு பேர் வாழ்ற, திராட்சைத் தோட்டம் சூழ்ந்த குட்டி ஊர்.

ட்ரியரில் ரயில் ஏறி, ஜெர்மனியின் பெர்ல் என்ற ஊரில் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வந்தா ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் லக்ஸம்பர்க். திரும்பிப் பார்த்தா கூப்பிடு தூரத்தில் பிரான்ஸ். மூணு நாடும் ஒரே ஃபோட்டோவில்! கீழே ஓடுற ஆறு யாருக்குச் சொந்தம் தெரியுமா? அந்தப் பகுதியில் ஜெர்மனிக்கும் லக்ஸம்பர்குக்கும் கூட்டுச் சொத்து. கரையைப் பிரிச்சிருக்காங்க, தண்ணியைப் பிரிக்கலை.

1985 ஜூன் 14 அன்னிக்கு இந்த ஆற்றில் நின்ன 'பிரின்ஸெஸ் மரி ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில்தான் அஞ்சு நாடுகள் கையெழுத்துப் போட்டன. பிரான்ஸ், அப்போதைய மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க். "எங்களுக்கு நடுவில் இருக்கிற எல்லையில் சோதனையைப் படிப்படியா எடுத்துடுவோம்" என்பது ஒப்பந்தம். 1995-ல் நடைமுறைக்கு வந்தது. இன்னிக்கு 29 நாடுகள். 2023-ல் குரோஷியா சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுசா உள்ளே.

ஊரில் பார்க்க என்ன இருக்கு? நாடுகளின் பேரில் தூண்கள், பெர்லின் சுவரின் துண்டு, ஒரு மியூஸியம். அப்புறம் வரிசையா பெட்ரோல் பங்க்! லக்ஸம்பர்கில் எரிபொருள் விலை குறைவு. அதனால் பக்கத்து நாட்டு வண்டிகள் எல்லாம் இங்கே வந்து டேங்க் நிரப்பும். அந்த வரிசையில்தான் அந்த கேரவனைப் பார்த்தேன்.

நத்தை மாதிரி ஒரு வீடு

நம்ம ஊரில் கேரவன்னு சொல்றதை அவங்க மோட்டார்ஹோம் என்கிறார்கள். நத்தை மாதிரி வீட்டையே முதுகில் தூக்கிட்டுப் போற வண்டி. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. இங்கிலாந்தில் ரிட்டயர் ஆன பலருக்கு இதுதான் கனவு. குளிர்காலம் வந்தா வண்டியைக் கப்பலில் ஏத்தி, பிரான்ஸ் வழியா ஸ்பெயின், போர்ச்சுகல்னு வெயில் தேடிப் போயிடுவாங்க. ஆறு மாசம்கூடத் தங்குவாங்க. யாரும் கேட்க மாட்டாங்க. ஏன்னா அப்போ பிரிட்டனும் ஐரோப்பிய யூனியனில் இருந்தது.

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியே வந்தது. இடைக்கால ஏற்பாடு அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் முடிஞ்சது. 2021 ஜனவரி 1 முதல் அவங்களும் நம்மள மாதிரி 'வெளிநாட்டுக்காரங்க'. விசா தேவையில்லை என்ற சலுகை மட்டும் உண்டு. ஆனா தங்குற கணக்கு நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான்: எந்த 180 நாளை எடுத்தாலும், அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது.

டீசல் போட்டுட்டு ஆற்றோரம் வண்டியை நிறுத்தியிருந்த அங்கிள், நான் வண்டியையே வாயைப் பிளந்து பார்க்கிறதைக் கவனிச்சு, "உள்ளே வந்து பாரு தம்பி" என்று கூப்பிட்டார் (அவர் சொன்னது இங்கிலீஷில்தான், நம்ம பாஷையில் சொல்றேன்). ஆன்ட்டி மடக்கு மேஜையில் ஒரு நோட்டைப் போட்டு, பென்சிலால் எதையோ எண்ணிக்கிட்டு இருந்தாங்க. கண்ணில் தண்ணி. எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. எழுந்திருக்கப் பார்த்தேன். "உட்காருப்பா, டீ குடி" என்று அவங்களே சொல்லிட்டு, விஷயத்தையும் சொன்னாங்க.

நோட்டில் இருந்த கணக்கு

இப்போ கொஞ்சம் மேத்ஸ். பயப்படாதீங்க, எம்-3 அளவுக்கு இல்லை!

அவங்க ரெண்டு பேரும் பிப்ரவரி 1 முதல் மார்ச் 22 வரை ஸ்பெயினில் இருந்திருக்காங்க. 50 நாள். ஊருக்குப் போயிட்டு, ஜூன் 10-ல் மறுபடி பிரான்சுக்குள் நுழைஞ்சாங்க. ஜூலை 5 வரை 26 நாள். மொத்தம் 76. மிச்சம் 14. அதாவது ஜூலை 19-ல் 90 தீர்ந்துடும். அன்னிக்குள் வெளியே போயே ஆகணும்.

மறுபடி எப்போ வரலாம்? இங்கேதான் நிறையப் பேர் சொதப்புறாங்க. "90 நாள் இருந்தேன், வெளியே ஒரு எட்டு போயிட்டு வந்தா மீட்டர் ஜீரோ" என்று நினைக்கிறாங்க. அப்படி இல்லை பாஸ். டேட்டா ஸ்ட்ரக்சரில் க்யூ படிச்சிருப்பீங்களே, முதல்ல வந்தது முதல்ல வெளியே போகும். அதே கதைதான். இன்னிக்கிலிருந்து பின்னோக்கி 180 நாளை மட்டும் பார்க்கணும். அந்த ஜன்னல் தினமும் ஒரு நாள் நகரும். பழைய நாள் ஒண்ணு ஜன்னலை விட்டு விழுந்தாத்தான் புது நாள் ஒண்ணு கிடைக்கும். பிப்ரவரி 1 விழுறது ஜூலை 31-ல். அப்போ ஜூலை 20 முதல் 30 வரை 11 நாள் அவங்க ஷெங்கன் பகுதிக்குள் இருக்கவே கூடாது.

"இருக்கட்டுமே, 11 நாள்தானே?" என்றுதான் நானும் கேட்டேன்.

மியூனிக்கில் அவங்க பொண்ணு இருக்காங்க. நிறைமாசம். டாக்டர் சொல்லியிருந்த தேதி ஆகஸ்ட் 5. அதுக்குத் தகுந்த மாதிரி ஆன்ட்டி மார்ச் மாசமே எல்லாத்தையும் கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. அன்னிக்குக் காலையில் பொண்ணு ஃபோன். ஏதோ சிக்கலாம், ஜூலை 25-லேயே ஆபரேஷன். சரியா அந்த 11 நாளுக்குள்! முதல் பேரக்குழந்தை. பொண்ணு ஆஸ்பத்திரியில் இருக்கப்போ அம்மா கடலுக்கு அந்தப் பக்கம்.

அங்கிளுக்குக் கோபம். "இந்த வண்டியைப் பாரு தம்பி. இது ஆறு மாசம் இங்கே நிக்கலாம், கஸ்டம்ஸ் சட்டப்படி தப்பில்லை. இதை ஓட்டுற எனக்கு மூணு மாசம்தான்!" உண்மைதாங்க. வெளியிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வர்ற வண்டிக்கு ஆறு மாசம் வரை வரி இல்லாத தற்காலிக அனுமதி. மனுஷனுக்கு 90 நாள்.

இவங்கள மாதிரி பயணிகள் இதுக்குச் சில வழி வெச்சிருக்காங்க. 90 தீரும்போது ஷெங்கனுக்கு வெளியே இருக்கிற நாட்டுக்கு வண்டியைத் திருப்புறது. ஸ்பெயின் தெற்குக் கரையிலிருந்து கப்பலில் மொராக்கோ. கிழக்கே அல்பேனியா, துருக்கி. பிரிட்டிஷ்காரங்களுக்கு அயர்லாந்தில் நாள் கணக்கே இல்லை. ஒரே நாட்டில் ரொம்ப நாள் இருக்கணும்னா, பிரான்ஸ் மாதிரி நாடுகள் தர்ற நீண்டகால விசாவை ஊரிலேயே விண்ணப்பிச்சு வாங்கணும். அந்த விசாவில் அந்த நாட்டில் இருக்கிற நாள் 90-ல் சேராது. ஆனா மியூனிக் ஆஸ்பத்திரி வாசலில் நிக்கணும்னா மொராக்கோ எதுக்கு உதவும்?

கடைசியில் ஆன்ட்டியே வழி கண்டுபிடிச்சாங்க. மிச்சமிருக்கிற 14 நாளைச் சுற்றிப் பார்க்கச் செலவழிக்காம, மறுநாளே வண்டியைத் திருப்பி காலே துறைமுகம் வழியா வெளியே போயிடுறது. கிளம்புற நாளும் கணக்கில் வரும், அதனால் கையில் 13 நாள். அதை வெச்சு ஜூலை 20-ல் திரும்ப உள்ளே வந்தா ஆகஸ்ட் 1 வரை போகும். அதுக்குள் ஜூலை 31 முதல் பிப்ரவரி நாட்கள் ஒவ்வொண்ணா விழ ஆரம்பிச்சுடும். ஆகஸ்ட் முழுக்கப் பேரக்குழந்தையோட இருக்கலாம்! மொஸெல் ஆற்றோரமாவே போய், ரைன் நதியைப் பிடிச்சு, ஆல்ப்ஸ் வரைக்கும் போட்டிருந்த பிளான் மொத்தமும் கேன்சல். அங்கிள் மேப்பை மடிச்சு டிராயரில் வெச்சார். ஒண்ணும் பேசலை.

"உன் விசாவைக் காட்டு!"

கணக்கு முடிஞ்ச சந்தோஷத்தில் ஆன்ட்டி என் பக்கம் திரும்பினாங்க. "நீ எத்தனை நாள்?"

நான் கெத்தா, "ஆகஸ்ட் 12 வரைக்கும் விசா இருக்கு ஆன்ட்டி. ஆகஸ்ட் 3-ல் ஃப்ளைட். லேப் ஜூலை 25-ல் முடியுது. அப்புறம் பாரீஸ், ஆம்ஸ்டர்டாம்" என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாங்க. விரலை ஒரு கட்டத்தில் வெச்சாங்க. தங்கும் நாட்கள்: 80.

அந்தக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லைங்க! ஆரம்பத் தேதி மே 10, முடிவுத் தேதி ஆகஸ்ட் 12. இது ரெண்டையும்தான் பார்த்தேன். இடையில் 95 நாள் இருக்கு. ஆனா அது தங்குற காலம் இல்லை, தங்கலைத் தொடங்கி முடிக்க வேண்டிய காலம். பயணத் தேதி முன்னே பின்னே ஆனா சமாளிக்க 15 நாள் கூடுதலாக் கொடுப்பாங்க. உள்ளே இருக்க அனுமதி 80 நாள் மட்டுமே. விண்ணப்பத்தில் நான் போட்டுக் கொடுத்த தேதிகளே மே 10 முதல் ஜூலை 28 வரை. எண்ணிப் பாருங்க, சரியா 80.

நான் ஃப்ராங்பர்ட்டில் இறங்கினது மே 12. இறங்கின நாளும் கணக்கு. மே மாசம் 20, ஜூன் 30, ஜூலை 30 ஆக மொத்தம் 80. ஜூலை 30-க்குள் நான் கிளம்பியாகணும். என் டிக்கெட்டோ 84-வது நாள்! நாலு நாள்தானேன்னு விட முடியாது. அனுமதிக்கு மேல் தங்கினா அபராதம், திரும்ப நுழையத் தடை என்று நாட்டுக்கு நாடு தண்டனை உண்டு. அடுத்து எம்.எஸ். படிக்க விசா கேட்டா, அந்த நாலு நாள்தான் முதல்ல வந்து நிக்கும்.

டீ ஆறிப் போச்சு. எனக்கு வேர்த்துப் போச்சு.

அன்னிக்கு ராத்திரியே டிக்கெட்டை ஜூலை 29-க்கு மாத்தினேன். மாத்துறதுக்கு 14,000 ரூபாய். ஆம்ஸ்டர்டாம் அவுட். பாரீஸ் ரெண்டே நாள். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னப்போ, "இன்ஜினீயரிங் படிக்கிற, எண்ணத் தெரியலையா?" என்று ஒரே கேள்விதான். பதில் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்க. எல்லைச் சோதனையை ஒழிச்ச ஊரில் இருந்து பாலத்தைத் தாண்டித் திரும்பினா, பெர்ல் ஸ்டேஷனில் ஜெர்மன் போலீஸ் பாஸ்போர்ட் கேட்டது! 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையை நீட்டியிருக்கு. அதிகாரி விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அன்னிக்கு எனக்கு 55-வது நாள். கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

இன்டர்ன்ஷிப்போ, டூரோ, நாளைக்கு நீங்களே கேரவன் ஓட்டப் போறீங்களோ, இதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.

* விசாவில் தேதியை மட்டும் பார்க்காதீங்க. தங்கும் நாட்கள் கட்டத்தைப் பாருங்க.
* எத்தனை தடவை நுழையலாம் என்பதையும் பாருங்க. 01 என்றிருந்தா, ஒருமுறை வெளியே போனா அவ்வளவுதான். மிச்ச நாள் செல்லாது.
* நுழையுற நாள், கிளம்புற நாள் ரெண்டும் முழு நாளாகக் கணக்கு.
* இரண்டு வருஷம், அஞ்சு வருஷம் செல்லுற மல்டிபிள் விசா கிடைச்சாலும் 180-க்கு 90 தான்.
* குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது நீங்க தங்குற மொத்த நாளுக்கும் இருக்கணும்.
* ஐரோப்பிய ஆணையமே இணையத்தில் நாள் கணக்கிடும் கருவி வெச்சிருக்கு. இருந்தாலும் ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்க.

"சீல் மங்கலா இருக்கு சார், தேதி தெரியலை" என்ற சமாளிப்பும் இனி எடுபடாது. 2025 அக்டோபர் 12-ல் தொடங்கி, படிப்படியா எல்லா வாசலுக்கும் கொண்டுவரப்பட்ட புது முறையில், விரல்ரேகை, முகப்படம், வந்த தேதி, போன தேதி எல்லாம் கம்ப்யூட்டரில். எண்ணுறது இப்போ மெஷின். அது மறக்காது.

ஆகஸ்ட் முதல் வாரம் ஆன்ட்டியிடமிருந்து மெயில் வந்தது. ஒரே ஒரு ஃபோட்டோ. மியூனிக்கில் ஒரு வீட்டு வாசல், பின்னால் அந்த வெள்ளை வண்டி, அங்கிள் கையில் துணி சுத்தின பேத்தி. கீழே ஒரே வரி: "உன் ஃப்ளைட் சரியான நாளில் கிளம்பியதா?"

கிளம்பியது ஆன்ட்டி. 79-வது நாள்!