வியன்னாப் பேராலய வாயிலில் இரு அளவுகோல்கள்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிற்குச் செல்வோர் புனித ஸ்தேவான் பேராலயத்தைக் காணாது திரும்புவதில்லை. நம் முன்னோர் முடியப்பர் என்று அழகிய தமிழ்ப் பெயரிட்டு அழைத்தாரே, அந்த முதல் வேதசாட்சியின் பெயரால் எழுந்த ஆலயம் அது. 1433ஆம் ஆண்டில் நிறைவெய்திய அதன் தென்கோபுரம் 136 மீட்டர் உயரமுடையது. 1945 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், கூரை தீப்பற்றி எரிந்து, பழைய பெருமணியும் கீழே விழுந்து நொறுங்கியது. 1952இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த மணியின் உலோகத்தையும் சேர்த்து வார்க்கப்பட்ட இப்போதைய மணி 20 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. இவையெல்லாம் வழிகாட்டிகள் வாய் ஓயாமல் சொல்லும் செய்திகள். நாம் சொல்ல எடுத்துக்கொண்டது வேறு.

பேராலயத்தின் மேற்கு வாயிலுக்கு இராட்சத வாயில் என்று பெயர். அதன் இடப்புறச் சுவரில், உள்ளே நுழையும் அவசரத்தில் பெரும்பாலோர் கவனியாது விடும் இடத்தில், இரண்டு இரும்புக் கோல்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்று சற்று நீளம், மற்றொன்று சற்றுக் குட்டை. நம்முடன் வந்தவர்களுள் ஒருவர் அவற்றைக் கதவின் தாழ்ப்பாள் என்றே எண்ணினார். உண்மையில் அவை துணியளக்கும் கோல்கள். நீளமான கோல் 89.6 சென்டிமீட்டர், லினன் என்னும் ஆளிநார்த் துணியை அளப்பதற்குரியது. குட்டையான கோல் 77.6 சென்டிமீட்டர், கம்பளித் துணியை அளப்பதற்குரியது. இரண்டிற்கும் பெயர் ஒன்றே. 'எல்லே' என்றே இரண்டையும் அழைத்தனர்.

'எல்லே' என்னும் அளவு முழங்கையை ஒட்டிப் பிறந்தது. நம் முழமும் அவ்வாறே பிறந்தது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவில் அம்முழம் ஊருக்கு ஊர் நீண்டும் குறுகியும் போயிற்று. பிளாண்டர்ஸ் நாட்டு முழம் 27 அங்குலம். ஸ்காத்லாந்தில் 37 அங்குலம். இங்கிலாந்தில் 45 அங்குலம். ஒரு முழம் இத்தனை காசு என்று விலை கேட்டு வந்தவன், எந்த ஊர் முழம் என்று கேளாது விட்டால், அவன் கேட்ட விலையால் ஒரு பயனும் இல்லை.

வியன்னாவிலோ ஒரே ஊரில், ஒரே தெருவில் இரண்டு முழம்! பேராலயத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் 'தூக்லாவ்பன்' என்றொரு தெரு உண்டு. துணி வணிகரின் கடைவரிசை என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்கே விலையுயர்ந்த ஆடையகங்கள் உள்ளன. அத்தெருவின் 19ஆம் எண் வீட்டில், 1407ஆம் ஆண்டையொட்டித் துணி வணிகர் ஒருவர் தம் கூடத்தில் தீட்டுவித்த சுவரோவியங்கள் 1979இல் வெளிப்பட்டன. அவற்றைச் சென்று காணலாம். துணி விற்றவர்கள் எத்துணைச் செல்வராய் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அத்தெருவில் துணி வாங்கச் சென்ற ஓர் ஏழைப் பெண்ணை நினைத்துப் பார்ப்போம். லினன் ஒரு முழம் 20 காசு, கம்பளியும் ஒரு முழம் 20 காசு என்று கடைக்காரர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டும் ஒரே விலை. ஆனால் இன்றைய மீட்டர்க் கணக்கில் லினன் மீட்டருக்கு ஏறத்தாழ 22 காசு, கம்பளி ஏறத்தாழ 26 காசு. பத்து முழம் வாங்கினால் ஒன்றில் 8.96 மீட்டர் கிடைக்கும், மற்றதில் 7.76 மீட்டர்தான். வேறுபாடு 1.20 மீட்டர், ஒரு குழந்தையின் சட்டைக்குப் போதுமான துணி! வணிகர் பொய் சொல்லவில்லை. கோலைக் குறைக்கவும் இல்லை. விலை மட்டும் ஒன்றாய் ஒலித்தது.

அந்தப் பெண்ணுக்கு எழுத்தறிவு இருந்திருக்காது. ஆனால் வாங்கிய துணியைக் கொண்டு வந்து ஆலயச் சுவரிலுள்ள இரும்போடு வைத்துப் பார்க்க அவளுக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. ஆலய முற்றமே ஊரின் நடுவிடம். கல்லில் அறைந்த இரும்பை ஒருவரும் இரவோடிரவாக நீட்டவோ குறைக்கவோ இயலாது. 1685ஆம் ஆண்டிலேயே இப்பேராலயக் குரு ஒருவர் இக்கோல்களைப் பற்றி எழுதி வைத்துள்ளார். அருகே சுவரில் வட்டமான ஒரு தடமும் உள்ளது. அப்பத்தின் அளவைச் சரிபார்க்க அமைந்தது அது என்று மக்கள் சொல்வதுண்டு. நமக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கதவையொட்டிய ஏதோ இரும்பு உராய்ந்த தடமாகவும் இருக்கலாம். ஆனால் ஜெர்மனியிலுள்ள பிரைபுர்க் பேராலயத்தின் கோபுர வாயிலில் அப்பங்களின் அளவுகள் 1270, 1317, 1320 என ஆண்டுகளோடு கல்லில் வெட்டப்பட்டிருப்பது ஐயமற்ற செய்தி. விளைச்சலுக்கேற்ப அப்பத்தின் அளவு மாறியது. மாறிய அளவை ஊரறியச் செய்வது ஆலய வாயிலின் பொறுப்பாயிற்று. நம் நாட்டிலும் பழைய கோவிற் சுவர்கள் பலவற்றில் நிலமளந்த கோலின் நீளம் வெட்டப்பட்டிருப்பதைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர்.

இராட்சத வாயிலின் மறுபுறத்தில் 'ஓ5' என்றொரு குறி கல்லில் செதுக்கப்பட்டுள்ளதையும் கண்டோம். ஹிட்லரின் ஆட்சியை மறைவாக எதிர்த்து நின்ற ஆஸ்திரியரின் அடையாளம் அது. ஒரு வாயிலின் இரு புறமும் இரு வேறு காலத்து நீதிக் குரல்கள்! அதைப்பற்றித் தனியே எழுத வேண்டும்.

அளவைகளைப் பற்றிப் பேசும்பொழுது பெரும்பாலோர் தராசையும் படியையுமே நினைப்பர். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமோ எடை, கொள்ளளவு என்பவற்றோடு நீளத்தையும் சேர்த்தே சொல்லுகிறது. ஆமோஸ் இறைவாக்கினர் தம் 8ஆம் அதிகாரத்தில் இன்னும் நுட்பமாகப் பேசுகிறார். படியைச் சிறிதாக்கி, வாங்கும் வெள்ளியின் எடையைப் பெரிதாக்கும் வணிகரை அவர் கடிந்துகொள்கிறார். பொருளையும் குறைத்து, பணத்தையும் கூட்டினால் ஓர் அலகின் விலை இரு வழியாலும் ஏறும். அலகு விலை என்று இன்று நாம் சொல்லும் கணக்கு அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1876 சனவரி முதல் நாளிலிருந்து ஆஸ்திரியாவில் மீட்டர் முறை கட்டாயமாயிற்று. அன்றோடு அவ்விரு கோல்களும் வேலை ஓய்ந்தன. நம் இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மீட்டர் வந்தது. இப்பொழுது நடைமுறையிலுள்ள 2009ஆம் ஆண்டின் சட்டப்படி, வேறு அலகில் விலை கூறுவதே குற்றம். பொதியாக விற்கும் பொருட்களில் மீட்டருக்கோ சென்டிமீட்டருக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று 2021இல் விதியும் திருத்தப்பட்டது. ஆயினும் கடையில் கத்தரித்துக் கொடுக்கும் துணிக்குப் பொதியும் இல்லை, அச்சும் இல்லை. 'கெஜம்' என்னும் சொல்லோ இன்னும் நம் நாவை விட்டு அகலவில்லை.

ஊர் திரும்பியபின் நம் பங்கில் இதுவே ஒரு வழக்காய் எழுந்தது. புதுநன்மை வாங்கவிருந்த 42 பிள்ளைகளுக்கும் ஒரே வெண்துணியில் உடை தைப்பது என்று தாய்மார் முடிவு செய்திருந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளை பட்டில் வர, கூலித் தொழிலாளியின் பிள்ளை இரவல் உடையில் வரக்கூடாது என்பது அவர்தம் எண்ணம். மூன்று கடைகளில் விலை கேட்டனர். முதற்கடையில் கெஜம் 110 ரூபாய். இரண்டாம் கடையில் மீட்டர் 118 ரூபாய். மூன்றாம் கடையில் மீட்டர் 170 ரூபாய். முதற்கடையே மலிவு என்று ஏறத்தாழ எல்லாரும் ஒப்புக்கொண்டனர். மூன்றாம் கடையைக் கேட்கவே வேண்டாம் என்றனர்.

தையற்கலை அறிந்த அம்மையார் ஒருவர் மட்டும், "சாமி, அகலத்தைக் கேட்டீர்களா?" என்றார். அந்த ஒரு கேள்வி கூட்டத்தை மாற்றியது. முதலிரு கடைகளின் துணி 36 அங்குல அகலம். மூன்றாம் கடையின் துணி 58 அங்குலம். பிறகு காகிதமும் பென்சிலும் வந்தன. கெஜம் என்பது 91.44 சென்டிமீட்டர், ஆகவே கெஜம் 110 என்றால் மீட்டர் 120 ரூபாய் 30 காசு. அப்படியாயின் முதற்கடையைவிட இரண்டாம் கடையே மலிவு. இனி அகலத்தையும் சேர்ப்போம். 36 அங்குலத் துணியில் ஓர் உடைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். 42 உடைக்கு 105 மீட்டர், இரண்டாம் கடை விலையில் 12,390 ரூபாய். 58 அங்குலத் துணியில் ஓர் உடைக்கு ஒன்றரை மீட்டர் போதும். 63 மீட்டருக்கு 10,710 ரூபாய். மிக அதிகம் என்று ஒதுக்கிய துணியே மிகக் குறைந்த செலவாயிற்று.

அகலமான துணி எப்பொழுதும் ஆதாயம் என்று எண்ணிவிடக்கூடாது. பீடத்துகிலுக்கு அகலம் பீடத்தின் அளவே. மீறியது வெட்டி எறியும் துண்டாகும். கொடிகளுக்கும் தோரணங்களுக்கும் அகலத் துணி நன்று. பருத்தித் துணியாயின் இன்னொரு சோதனையும் உண்டு. அந்த அம்மையார் ஒரு மீட்டர் துண்டை வாங்கி, நனைத்து, உலர்த்தி, மீண்டும் அளந்தார். 36 அங்குலப் பருத்தித் துணி 96 சென்டிமீட்டராய்ச் சுருங்கியிருந்தது. 118 ரூபாய்த் துணியின் உண்மை விலை அப்பொழுது 123 ரூபாயை நெருங்கியது. 58 அங்குலத் துணி செயற்கை இழை கலந்தது, அது சுருங்கவில்லை.

மின்கம்பி வாங்குவோரும் இதனைக் கவனிக்கலாம். சுருள் ஒன்றின் விலையை மட்டும் ஒப்பிடுகிறோம்; நம் கடைகளில் வீட்டு மின்கம்பிச் சுருள் பெரும்பாலும் 90 மீட்டர்தான் என்பதைப் பார்ப்பதில்லை. 90 மீட்டர் 1,800 ரூபாய் என்றால் மீட்டர் 20 ரூபாய்; 100 மீட்டர் 1,900 ரூபாய் என்றால் மீட்டர் 19 ரூபாய். கம்பியின் கனமும் ஒன்றாய் இருந்தால்தான் இந்த ஒப்பீடே செல்லும்.

பூவின் கணக்கு வேறு. முழம் போடும் அம்மாளின் கை நீளமும் வேறுபடும், கட்டின் நெருக்கமும் வேறுபடும். தளரக் கட்டிய இரண்டு முழத்தில் உள்ள மல்லிகை, நெருக்கிக் கட்டிய ஒரு முழத்திலும் இருக்கலாம். ஆனால் பெரிய துணிக்கடையில் அகலம் கேட்கக் கூசுகிறவர்கள், ஆலய வாயிலில் வெயிலில் அமர்ந்திருக்கும் பூக்காரியிடம் நான்கு விரற்கடைக்கு வழக்காடுவதை நாம் பலமுறை கண்டு வருந்தியதுண்டு.

தாய்மார் மூன்றாம் கடையிலேயே 63 மீட்டரையும் எடுத்தனர். கடைக்காரர் முத்திரையிட்ட மீட்டர்க் கோலால் அளந்தார். தையலம்மையார் எதிரே நின்று ஒவ்வொரு மீட்டரையும் வாய்விட்டு எண்ணினார். இரண்டாம் கடை விலையோடு ஒப்பிட்டால் மிச்சமான தொகை 1,680 ரூபாய். தையற்கூலி கொடுக்க இயலாதிருந்த குடும்பங்களுக்கு அது போயிற்று.