மூன்று மாத இல்லறம்

எங்கள் கோட்டைப்பட்டினத்தில் ‘சபராளி வீடு’ என்றால், ஆண்மகன் கடல் கடந்துவிட்ட வீடு என்று பொருள். என் அத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றார், அங்கேயே மவுத்தானார். உம்மா கண்ட மலேயா, கடித உறையில் ஒட்டியிருந்த அஞ்சல் தலை மட்டுமே.

இன்று என் மகள், குடும்ப வருகை விசாவில் மூன்று மாதம் சவூதியில் கணவரோடு இருந்து திரும்பியிருக்கிறாள். அங்கேயே நிலையாகக் குடியிருக்கலாகாதா என்பீர்கள். 2017 ஜூலையில் தொடங்கிய குடும்பத்தினர் கட்டணம், 2020இல் ஆளுக்கு மாதம் 400 ரியாலாக உயர்ந்தது. தாய்க்கும் பிள்ளைக்குமாக மாதம் 800 ரியாலுக்கு எளிய ஊழியர் எங்கே போவார்? சிங்கப்பூரிலோ, மாதச் சம்பளம் 6,000 வெள்ளியை எட்டாத அயல்நாட்டு ஊழியர், மனைவி மக்களைத் தம்மோடு குடியமர்த்தவே இயலாது.

பேரன் பிறந்தபின் மருமகன் ஊர் வரவில்லை. திரும்பி வந்த அச்சிறுவன் என் காதோரம், “அத்தா தூங்கும்போது குறட்டை விடுறாங்க!” என்றான். நாள்தோறும் கைப்பேசியில் கண்ட முகம் சொல்லாத செய்தி அது. என் அத்தாவைப் பற்றி எனக்கு அதுகூடத் தெரியாது.

வாய்ப்புள்ள பெற்றோரே! விசாச் செலவை வீண்செலவென்று எண்ணாதீர்கள். ஒரு நகையைக் குறைத்தேனும், பிள்ளையைத் தந்தையிடம் ஒருமுறை அனுப்பி வையுங்கள்.