பால்காட்டுக் கணக்கு

கோலசிலாங்கூர்ப் பட்டணத்தை விட்டு, சிலாங்கூர் ஆற்றை ஏறக்குறைய ஒட்டினாற்போல் பத்தாங் பெர்ஜுந்தைக்குச் செல்லும் சாலையில் (2007ஆம் ஆண்டிலேயே அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டபோதிலும் தோட்டத்து மக்கள் பழைய பெயரை விடவில்லை) இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனையே நிற்கிறது. ஆன்றி ஃபோக்கொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பின்னாளில் அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்துத் தமிழரும் அதில் வருகிறார்கள்.

செம்பனை வந்து ரப்பர் மரத்தைப் பெரும்பாலும் விரட்டிவிட்ட இந்தப் பிரதேசத்தில், எஞ்சியிருக்கும் சிறு பால்காடு ஒன்றைத் தேடி நான் சென்றதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது, கிடைத்ததை அன்றே செலவழித்துவிடுவான் என்று பட்டணத்தில் நெடுங்காலமாக நிலவும் அபிப்பிராயத்தை, அந்தத் தொழிலின் பக்கத்தில் நின்று பரிசோதிக்க விரும்பினேன்.

பொழுது விடியுமுன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தார் ஓர் அம்மையார். தோட்டத்து லயத்தில் பிறந்து, தாயோடு நிரை பிடித்துப் பழகி, இப்போது இன்னொருவருடைய சிறு நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பால் வெட்டுபவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்றே கூடுதலான கனத்தைச் சீவ வேண்டும். அதற்குமேல் உளி ஆழ்ந்து உள்தோலைத் தொட்டுவிட்டால், அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுபடி அந்த இடத்தில் வெட்ட முடியாதபடி மரத்தைப் பாழாக்கிவிடும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த சாய்வில் அவர் ஒரே இழுப்பில் சீவியபோது, வெண்பால் கோடு வழியே இறங்கி, மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சொட்டத் தொடங்கியது. இன்று அதிகமாகப் பால் கிடைக்கவேண்டும் என்று பேராசைப்பட்டு வெட்டுபவன் இன்னும் பத்து வருஷத்துப் பட்டையைத் தின்றுவிடுகிறான் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதைக் கற்றவர்களுக்கா நாளையைப்பற்றிய சிந்தனை இல்லையென்கிறோம்?

"பாலாகவே விற்றால் என்னம்மா?" என்று கேட்டேன்.

"பாலா எடுத்தா தெனமும் சுமந்துகிட்டுப் போயி நிறுக்கணும் தம்பி. மங்குலயே கட்டியா விட்டுட்டா யாவாரி வந்து அள்ளிக்குவான். மத்தியானத்துல எனக்கு வேற வேல பாக்க நேரம் கெடைக்கும். வெல ஏறும்னு கட்டிய ரொம்ப நாள் வச்சிருந்தாலும் தண்ணி வத்தி எட கொறஞ்சிரும். அதனால வாரம் தவறாம போட்டுருவேன்" என்றார்.

விலை, எடை, நேரம் என்னும் மூன்றையும் ஒருசேர நிறுத்திப் பார்த்து எடுத்த தீர்மானம் அது. எந்த வணிக நிபுணரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மத்தியானம் அவர் வீட்டு வாசலில் சில பெண்கள் கூடினார்கள். அவர்களுள் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களும் இருந்தார்கள், தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி போட்டு, ஆயிரம் வெள்ளியை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு அவர்களுடையது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொண்டு ஏமாற்றுபவர்களை அடக்க 1971இல் இந்நாட்டில் சட்டமே பிறந்தது என்பதையும், ஏமாந்து அழுத குடும்பங்கள் பல என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், முதல் மாதத்திலேயே எடுப்பவள் கடன் பெறுகிறாள், கடைசி மாதத்தில் எடுப்பவள் சேமிக்கிறாள் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே, பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டவேண்டியவளுக்கு முதல் முறையை விட்டுக்கொடுத்து, தாம் பின்னால் எடுக்க அவர்கள் ஒப்புக்கொண்டதை நான் நேரில் கண்டபோது, வங்கி எட்டாத இடத்தில் பரஸ்பர நம்பிக்கை எத்தனை பெரிய மூலதனம் என்று விளங்கிற்று.

இந்த நம்பிக்கையைத்தான் ஒரு தேசிய ஸ்தாபனமாக உயர்த்தினார் வீ. தி. சம்பந்தன். மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிச் சில்லறையாக விற்க, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து நின்றார்கள். தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிவிட்டால் என்ன என்ற எண்ணத்தில் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. அமைச்சர் பதவியிலிருந்த அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. தாங்கள் கண்ணால் பார்த்திராத ஒரு தோட்டத்தை நம்பி அதைக் கொடுத்தார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்விதம் வாங்கப்பட்டது. தொடர்ந்து பல தோட்டங்கள் வந்தன. தென்கிழக்காசியத் தமிழர் எடுத்த பொருளாதாரத் தீர்மானங்களுள் இதற்கு நிகரானது வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

அப்படியானால் வறுமை ஏன் தீரவில்லை? அம்மையாரின் தகப்பனார் காலத்திலிருந்து ஒரே விடைதான்: வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. ஓய்வு பெற்றவன் அதைக் காலிசெய்ய வேண்டும். 1951 முதல் இந்நாட்டில் ஊழியர் சேமநிதி உண்டு. ஆனால் 55 வயதில் தலை சாய்க்க இடமில்லாமல் நிற்பவன் அந்தத் தொகையை வாடகைக்கும் முன்பணத்துக்கும் கரைக்க நேர்கிறது. இதே வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காகக் காத்திருந்த காலம் ஒரு தலைமுறைக்குக் குறையாது. குறைந்தபட்ச ஊதியம் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வேலை போகும் நாளில் வீடும் போய்விடும் என்றிருந்தால், உயர்ந்த கூலியும் நிலைத்த சம்பாத்தியமாவதில்லை.

சேமநிதியின் ஒரு பகுதியை, 55 வயதுக்கு முன்பே, சொந்த வீடு வாங்குவதற்கென எடுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. லயத்திலோ வாடகை வீட்டிலோ வாழும் உறவினர் உங்களுக்கு இருப்பின், இந்த மாதமே அவர்களோடு சேமநிதி அலுவலகத்துக்குச் சென்று, இருப்பு எவ்வளவு என்று கேட்டறிந்து, மனுப்படிவத்தை நிரப்பிக் கொடுக்க உதவுங்கள்.