காவல் நீங்கிய கருவிகள்

தேய்ந்த பொருளை ஒதுக்குதல் வழக்கம். தேயாத பொருளையும் ஒதுக்குமாறு பணிக்கின்ற காலத்தில் நாம் வாழ்கின்றோம். எம் மேசைமீதுள்ள கைத்தொலைபேசியின் கண்ணாடி உடையவில்லை. அதன் பற்றரி இன்றும் ஒரு பகல் முழுவதும் தாங்குகின்றது. எனினும், அதனை ஆக்கிய நிறுவனம் மூன்றாம் ஆண்டோடு அப்டேட் எனப்படும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. கருவி எம்முடையது, அதன் ஆயுளை நிர்ணயிப்பவர் வேறொருவர்.

இதிலுள்ள முரண்பாடு சிந்தனைக்குரியது. அண்ட்ரொய்ட் முதலிய இயங்குதளங்களின் அடித்தளம் லினக்ஸ் கேர்னல். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டினரின் உழைப்பால் வளர்ந்த பொதுச்சொத்து அது. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம். 2007 இல் அதனுட் புகுந்த பிழையொன்று 2016 ஒக்டோபரிலே 'டேர்ட்டி கவ்' என்னும் பெயருடன் வெளிப்பட்டது. சாதாரண நிரலொன்று கருவி முழுவதன் அதிகாரத்தையும் கவர்ந்துகொள்ள இடமளித்த பிழை அது. கேர்னலில் அது விரைந்து திருத்தப்பட்டது. ஆனால் அத்திருத்தம் மக்கள் கையிலுள்ள கருவியைச் சென்றடைய, சிப் செய்வோர், தொலைபேசி செய்வோர் ஆகியோரின் வாயில்களைக் கடத்தல் வேண்டும். சிப்பினை இயக்கும் நிரல்கள் பல மூடியவையாகவும், பழைய கேர்னல் ஒன்றுக்கே பொருந்துவனவாகவும் உள்ளன. திறந்த வீட்டினுள்ளே பூட்டிய அறை!

திருத்தமோ பகிரங்கமானது. ஆதலால், ஓட்டை எங்கேயிருந்தது என்பதைக் கள்வனும் அறிந்துகொள்கின்றான். ஆண்டுதோறும் புதுக்கருவி வாங்க வல்லவருக்கு இதனால் இடரில்லை. பிறர் பாவித்த கருவியை வாங்கி, அதிலேயே வங்கிக் கணக்கையும் பாடங்களையும் வைத்திருக்கும் தொழிலாளியும் மாணவியுமே காவலின்றி நிற்கின்றனர்.

மாற்றுவழி தேடியோரும் உளர். மொஸில்லா 2013 இல் பயர்பொக்ஸ் ஓஎஸ் தொலைபேசிகளைக் கொணர்ந்து, 2015 டிசெம்பரில் அம்முயற்சியைக் கைவிட்டது. கனோனிக்கல் 2017 ஏப்ரலில் உபுண்டு டச்சைத் துறந்தது. ஆயின் உபுண்டு டச் மடியவில்லை. யூபிபோர்ட்ஸ் என்னும் தொண்டர் குழுவினர் அதனை ஏற்றுப் பேணினர். அதே ஆண்டில் எழுந்த போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், தொலைபேசிக்குப் பத்தாண்டு ஆயுள் தருவதைக் குறிக்கோளாக்கியது. நிறுவனங்கள் கைவிட்டதைத் தொண்டர்கள் தாங்கினர். ஆயினும், சிப்பினுள் பூட்டிய நிரலை அவர்களாலும் திருத்த இயலாது.

நீண்டகாலம் பேணுவது இயலாத காரியம் என்பார்க்கு ஒரு சான்று கூறுவோம். 2015 இல் வெளிவந்த பெயார்போன் 2, அதன் சிப்பினைச் செய்தோர் ஆதரவை நிறுத்திய பின்னரும், 2023 மார்ச்வரை திருத்தங்களைப் பெற்றது. சிறு நிறுவனம் செய்ததைப் பெரு நிறுவனங்கள் பல செய்யாமைக்குக் காரணம் இயலாமையன்று, இலாபமே.

எனவே, தொண்டர்களின் நல்லெண்ணத்திடம் மட்டும் இப்பொறுப்பை விட்டுவிடல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு தொலைபேசி வகை சந்தைக்கு விடப்படுவது நின்ற பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளத் திருத்தங்களை எதிர்பார்க்கின்றன. நல்ல தொடக்கம் இது, முடிவன்று. காவலை நிறுத்தும் நாளில், பூட்டிய நிரல்களைத் திறந்து, சாவியை வாங்கியவர் கையில் ஒப்படைக்க வேண்டுமென நாம் கேட்டல் வேண்டும். பொது உழைப்பில் எழுந்த வீட்டிலே, குடியிருப்போருக்குத் திறவாத அறை இருத்தலாகாது.